பொனேர் தீவில் கரையிலிருந்தே டைவிங்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

படகிலிருந்து குதித்துப் பழகியவர்களுக்குக் கரையிலிருந்து டைவ் செய்வது சுலபம் என்று தோன்றும். வண்டியை நிறுத்தி, சிலிண்டரை மாட்டிக்கொண்டு, நடந்துபோய் இறங்கிவிடலாம் அல்லவா? ஆனால் படகில் வேறொருவர் பார்த்துக்கொண்ட வேலைகள் எல்லாம் இங்கே உங்கள் பொறுப்பு. இன்று கடல் இறங்கத் தக்கதா, நீரோட்டம் எந்தப் பக்கம், எங்கே கரையேறுவது, யாராவது திரும்பாவிட்டால் யார் தேடுவது என்று எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்ய வேண்டும். அதனால் ஒன்றை முதலில் மனதில் வையுங்கள்: கரையேறும் இடத்தைத் தீர்மானித்த பிறகுதான் இறங்க வேண்டும்.

இந்த முறையைக் கற்றுக்கொள்ள வெனிசுவேலாவுக்கு வடக்கே, கரீபியன் கடலில் இருக்கும் டச்சுத் தீவான பொனேர் போல வசதியான இடம் அரிது. ஆண்டு முழுவதும் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தே அடிக்கிறது. தீவே காற்றை மறைத்து நிற்பதால் மேற்குக் கரை பெரும்பாலான நாட்களில் குளம்போல் அமைதியாக இருக்கும். பவளச்சரிவும் தொலைவில் இல்லை. பல இடங்களில் கரையிலிருந்து சில நிமிட நீச்சல்தான். கரையோர உயர்நீர்க் கோட்டிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதும் 1979 முதல் பாதுகாக்கப்பட்ட பூங்கா. சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய கற்களில் ஒவ்வொரு டைவ் இடத்தின் பெயரும் எழுதியிருக்கும்.

டைவிங்கின் அடிப்படைப் பயிற்சியான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் பெற்று, சில டைவ்கள் மட்டுமே செய்தவர்களை நினைத்து இதை எழுதுகிறோம். சான்றிதழ் இல்லாதவர்கள் பயிற்றுநர் இல்லாமல் இறங்கவே கூடாது. சான்றிதழ் இருந்தும் ஓராண்டாகத் தண்ணீரில் இறங்காதவர்கள் முதல் நாள் ஒரு நினைவூட்டல் பயிற்சி எடுத்துவிடுங்கள்.

இறங்குவதற்கு முன் முடிக்க வேண்டியவை

பூங்காவை நடத்தும் ஸ்டினாப்பா அமைப்புக்கு இயற்கைக் கட்டணம் செலுத்த வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இணையத்தில் கட்டி, ரசீதைக் கைபேசியில் வைத்துக்கொள்வது நல்லது. தீவில் புழங்கும் பணம் அமெரிக்க டாலர். பிறகு ஏதாவது ஒரு டைவ் கடையில் விதிமுறை விளக்கத்தைக் கேட்டு, அவர்கள் கடற்கரையிலேயே ஒரு சோதனை டைவ் செய்ய வேண்டும். இது கட்டாயம். சடங்காக நினைத்து அவசரமாக முடித்துவிடாதீர்கள். மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈயக்கட்டிகளின் எடையைச் சரிபார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

எடையில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். பொனேரில் கொடுப்பது பெரும்பாலும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர். 200 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) தொடங்கி 50 பாரில் முடித்தால் ஏறக்குறைய 1,650 லிட்டர் காற்று செலவாகியிருக்கும். அதன் எடை சுமார் 2 கிலோ. அதாவது டைவின் தொடக்கத்தில் சரியாக இருந்த எடை, முடிவில் 2 கிலோ குறைவாகிவிடும். 5 மீட்டர் ஆழத்தில் நிற்க முடியாமல் மேலே இழுக்கப்படுவது இதனால்தான். ஆகவே சோதனை டைவின் கடைசியில், சிலிண்டரில் 50 பார் இருக்கும்போது, மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்று ஜாக்கெட்டிலிருந்து காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு 5 மீட்டரில் அசையாமல் நின்று பாருங்கள். சாதாரணமாக மூச்சுவிட்டபடி நிற்க முடிந்தால் எடை சரி. மூழ்கினால் ஒரு கிலோ குறையுங்கள். மேலே போனால் ஒன்று கூட்டுங்கள். நிறைந்த சிலிண்டரோடு சோதித்தால், மேற்பரப்பில் மிதக்கும்போது கண்மட்டத்துக்குத் தண்ணீர் வரவைக்கும் எடையோடு 2 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். கிடைத்த எண்ணை எழுதி வையுங்கள்.

பயத்தில் கூடுதல் ஈயக்கட்டி கட்டிக்கொள்வது கரை டைவில் இரட்டைத் தொல்லை. தண்ணீருக்குள் பவளத்தின் மேல் விழுவீர்கள். தரையில் வழுக்கும் பாறைமேல் அந்தச் சுமையோடு நடக்க வேண்டியிருக்கும்.

உபகரணங்கள்

கெட்டியான அடிப்பாகம் உள்ள பூட்ஸும், பின்பக்கம் பட்டை வைத்த ஃபின்னும் கட்டாயம் வேண்டும். வெறுங்காலில் மாட்டும் ஃபின் இங்கே உதவாது. கரை பெரும்பாலும் கூரான சுண்ணாம்புப் பாறையும் உடைந்த பவளத் துண்டுகளும்தான். நடுவே கடல் முள்ளெலிகளும் ஒளிந்திருக்கும். தண்ணீரின் வெப்பம் 26 முதல் 29 டிகிரி வரை இருப்பதால் 3 மில்லிமீட்டர் வெட்சூட் போதும். கையுறைக்குத் தடை உண்டு. கையுறை போட்ட கை எதையாவது பிடிக்கத் தேடும் என்பதே காரணம். பிடிப்பது பவளமாக இருந்தால் அது சாகும். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்த சன்ஸ்கிரீனுக்கும் தடை. வெயிலுக்கு முழுக்கைச் சட்டையே மேல்.

நீங்கள், உங்களோடு சேர்ந்து இறங்கும் கூட்டாளி என இருவரிடமும் டைவ் கம்ப்யூட்டர், திசைகாட்டி, விசில், ஊதிப் பெரிதாக்கும் அடையாள மிதவை இருக்கட்டும். வண்டியில் ஒரு சிறிய டப்பாவில் சில ஓ-ரிங்குகள் (காற்றுக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்), உபரி மாஸ்க் பட்டை, ஃபின் பட்டை, பிளாஸ்டிக் கட்டுவார் வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் வால்வில் இருக்கும் அந்தச் சின்னக் கறுப்பு ஓ-ரிங் இல்லாமலோ வெடித்தோ இருந்தால், மூச்சுவிட உதவும் ரெகுலேட்டரை மாட்டி வால்வைத் திறந்ததும் காற்று சீறும். படகில் என்றால் மாற்றுச் சிலிண்டர் இருக்கும். இங்கே உபரி ஓ-ரிங் இல்லையென்றால் கடைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

வண்டி என்றால் பிக்கப்தான். பின்னால் சிலிண்டர் அடுக்கும் சட்டம் இருக்கும். சாலையில் வலப்பக்கமாக ஓட்ட வேண்டும். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் கிளம்பும்போதும் திரும்பும்போதும் கவனம். வடக்குக் கடற்கரைச் சாலையின் ஒரு பகுதி ஒருவழிப்பாதை என்பதால், பார்க்க நினைத்த இடத்தைத் தாண்டிவிட்டால் சுற்றித்தான் வர வேண்டும். நிறுத்திய வண்டிகளில் திருட்டு நடப்பதுண்டு. பணம், கைபேசி, கடவுச்சீட்டு எதையும் வண்டியில் விட்டுச் செல்லாதீர்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரியட்டும் என்பதற்காகக் கண்ணாடியைத் திறந்தே வைப்பது அங்கே வழக்கம். வாடகைக்கு எடுக்கும்போதே தண்ணீரில் நனையக்கூடிய சாதாரண உலோகச் சாவி கேளுங்கள். மின்னணுச் சாவி உப்புநீரில் செத்துவிடும்.

முதல் இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

முதல் இரண்டு நாட்கள் விமான நிலையத்தை ஒட்டிய தெ ஆமோ போன்ற மணல் கரைகளில் இறங்குங்கள். ஆயிரம் படிகள் என்ற பெயரில் புகழ்பெற்ற இடம் பயமுறுத்தினாலும் உண்மையில் எழுபது படிகளை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் டைவ் முடித்து முழு உபகரணத்தோடு ஏறும்போது அந்தப் பெயர் பொருந்தும். அதை மூன்றாம் நாளுக்கு வையுங்கள். கப்பலில் உப்பு ஏற்றும் உப்புத்துறையின் தூண்களைச் சுற்றி மீன்கள் நிறைந்திருக்கும். கப்பல் கட்டியிருக்கும்போது அங்கே இறங்கக் கூடாது. தென்முனையில் ரெட் ஸ்லேவ், வில்லெம்ஸ்டோரன் கலங்கரை விளக்கம் பக்கம் நீரோட்டம் வலுவானது; புதியவர்களுக்கானது அல்ல. கிழக்குக் கரை முழுவதையும் அப்படியே மறந்துவிடுங்கள்.

இடத்துக்குப் போனதும் உபகரணத்தைத் தொடாதீர்கள். பத்து நிமிடம் கரையில் நின்று கடலைப் பாருங்கள். அலைகள் கூட்டமாக வரும், பிறகு ஓயும். அந்த ஓய்வு எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். பாறைகளுக்கு நடுவே மணல் ஓடும் பாதை எங்கே இருக்கிறது? இடுப்பளவு தண்ணீர் வரை காலூன்ற முடியுமா? கட்டியிருக்கும் மிதவை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, நுரையும் பாசியும் எங்கே நகர்கின்றன? நம் கடலோர மக்கள் நீவாடு என்று சொல்வது இந்த நீரோட்டத்தைத்தான். பொனேரின் மேற்குக் கரையில் அது பெரும்பாலும் கரைக்கு இணையாக, வடக்கோ தெற்கோ நோக்கி ஓடும்.

காற்று மேற்கிலிருந்து அடித்தால் அன்று திட்டத்தைக் கைவிடுங்கள். வழக்கமான அமைதிக்கு நேர்மாறாக அலைகள் மேற்குக் கரையிலேயே வந்து மோதும். தொலைவில் எங்கோ புயல் இருந்தாலும் இப்படி ஆகலாம். இறங்குவது ஒருவேளை முடியும். ஏறும்போதுதான் பாறையில் அடிபடுவீர்கள்.

காற்றுக் கணக்கு

படகு டைவில் 50 பாரில் மேலே வந்தால் போதும் என்று கற்றுக்கொடுத்திருப்பார்கள். கரை டைவில் 50 பார் என்பது கரையில் கால் வைக்கும்போது மிச்சமிருக்க வேண்டியது. அலையில் உருண்டாலும் வாயில் ரெகுலேட்டர் இருந்தால் பயமில்லை. அதற்கான காற்று அது.

புதியவர் ஒருவர் மேற்பரப்பில் நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர் காற்று இழுக்கிறார் என்று கொள்வோம். 15 மீட்டரில் அழுத்தம் 2.5 பார், ஆகவே 50 லிட்டர் செலவாகும். 11 லிட்டர் சிலிண்டரில் அது நிமிடத்துக்கு 4.5 பார். 200 பாரில் தொடங்கி 15 நிமிடம் போனால் 130 பாரில் இருப்பீர்கள். அங்கே திரும்புங்கள். திரும்பி வரும்போது 10 மீட்டருக்கு ஏறி நீந்தினால் நிமிடத்துக்கு 3.6 பார்தான், 15 நிமிடத்தில் 75 பாரை ஒட்டிப் பவளச்சரிவு தொடங்கும் மேல்விளிம்புக்கு வருவீர்கள். 5 மீட்டரில் 3 நிமிட நிறுத்தமும் (உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேறுவதற்காக), கரை நோக்கி ஐந்தாறு நிமிட நீச்சலும் போக 50 பார் மிஞ்சும்.

எதிர்நீரோட்டம் இருந்தாலோ, பதற்றத்தில் மூச்சு வேகமானாலோ இந்தக் கணக்கு குலையும். அதனால் 15 நிமிடமா 130 பாரா என்று பார்த்து, எது முதலில் வருகிறதோ அதில் திரும்புங்கள். இருவரில் யார் முதலில் 130 தொட்டாலும் இருவரும் திரும்ப வேண்டும்.

உள்ளே இறங்குதல்

வண்டியின் பின்பலகையிலேயே எல்லாவற்றையும் மாட்டிச் சரிபாருங்கள். வால்வை முழுக்கத் திறந்து, காற்றழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தபடியே இரண்டு ரெகுலேட்டரிலும் நான்கைந்து மூச்சு இழுங்கள். முள் ஆடினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை. ஜாக்கெட்டில் காற்றடைத்து, வெளியேற்றிப் பாருங்கள். கூட்டாளியின் எடைப்பட்டையை எப்படி அவிழ்ப்பது என்று கையால் தொட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெயிலில் வெட்சூட்டோடு நின்றால் சீக்கிரம் தளர்ந்துவிடுவீர்கள்; பேச வேண்டியதையெல்லாம் சூட் போடும் முன்பே பேசி முடியுங்கள்.

தண்ணீர் விளிம்பில் நிற்கும்போது இந்த நிலையில் இருக்க வேண்டும்: மாஸ்க் முகத்தில், ரெகுலேட்டர் வாயில், ஜாக்கெட்டில் பாதிக் காற்று, ஃபின்கள் ஒரு கையில் அல்லது மணிக்கட்டில். மறுகையால் கூட்டாளியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1. அலைக்கூட்டம் ஓய்ந்ததும் கிளம்புங்கள். அலைக்குப் பக்கவாட்டில் உடம்பைத் திருப்பி, சிறுசிறு அடியாக நகருங்கள். பாசி படிந்த பாறை சோப்புப் போட்டதுபோல் வழுக்கும்.

2. மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி போங்கள். மணலுக்கடியில் திருக்கை படுத்திருந்தால் அதிர்வு உணர்ந்து விலகிவிடும். நேராக மிதித்தால் வாலால் குத்தும்.

3. முழங்கால் அளவில் நிற்காதீர்கள். அலை உடையும் இடமே அதுதான். அங்கே குனிந்து ஃபின் மாட்ட முயல்பவர்கள்தான் விழுகிறார்கள். விறுவிறுவென்று மார்பளவுக்குப் போய்விடுங்கள்.

4. அங்கே மல்லாந்து மிதந்து, ஒரு காலை மறுமுட்டியின்மேல் மடித்து ஃபின் மாட்டுங்கள். ஒருவர் மாட்டும்போது மற்றவர் அவரைப் பிடித்திருக்கட்டும்.

5. நடுவில் விழுந்துவிட்டால் எழ முயல வேண்டாம். சிலிண்டரோடு எழுவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். விழுந்த இடத்திலேயே குப்புறப் புரண்டு, ஆழம் நோக்கி நீந்துங்கள். ஜாக்கெட்டில் காற்றும் வாயில் ரெகுலேட்டரும் இருப்பது இதற்காகத்தான்.

மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றி வைக்கும் பழக்கத்தை விடுங்கள். முதல் அலையிலேயே அது போய்விடும். அதோடு அன்றைய டைவும் போய்விடும்.

விளிம்பிலும் சரிவிலும்

நீந்தத் தொடங்கும் முன் கரையைத் திரும்பிப் பாருங்கள். உங்கள் வண்டி, மஞ்சள் கல், ஒரு மரம் அல்லது கட்டடம் இவற்றை மனதில் பதித்து, திசைகாட்டியில் கரைக்குத் திரும்பும் திசையைக் குறியுங்கள். மேற்குக் கரையில் அது ஏறக்குறைய கிழக்கு. ஸ்நார்க்கல் என்னும் மூச்சுக்குழாயில் மூச்சுவிட்டபடி மிதவை வரை நீந்தினால் சிலிண்டர் காற்று மிச்சமாகும். வெளிர்நீலம் சட்டென்று அடர்நீலமாக மாறும் கோடு தெரியும், அதுதான் விளிம்பு.

பவளத்தின் மேல் இறங்காமல், அதற்கு முன்னால் 5 அல்லது 6 மீட்டரில் மணல் திட்டு பார்த்து, கால் கீழாக மெல்ல இறங்குங்கள். மீட்டருக்கு ஒருமுறை காதைச் சமப்படுத்துங்கள். வலித்தால் ஒரு மீட்டர் ஏறி மறுபடி முயலுங்கள்.

விளிம்பைக் கடந்ததும் நின்று திரும்பிப் பாருங்கள். எல்லோரும் தவறவிடும் வேலை இது. போகும்போது பார்க்கும் காட்சி வேறு, வரும்போது தெரியும் காட்சி வேறு. மிதவை கட்டியிருக்கும் கான்கிரீட் கட்டை, மூளை வடிவப் பவளம், ஒரு குழாய்க் கடற்பஞ்சு என்று ஏதாவது இரண்டு அடையாளங்களையும் அங்குள்ள ஆழத்தையும் மனதில் கொள்ளுங்கள்.

விசிறிப் பவளங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்து, நீரோட்டத்துக்கு எதிராகப் போகத் தொடங்குங்கள். களைத்துத் திரும்பும்போது ஓட்டம் உங்களைச் சுமந்து வரும். வடக்கே போனால் சரிவு வலத்தோள் பக்கம். திரும்பும்போது இடத்தோள் பக்கம். நான்கைந்து நிமிடம் உதைத்தும் முன்னேற முடியாத அளவுக்கு ஓட்டம் இருந்தால் அன்று அவ்வளவுதான், திரும்பிவிடுங்கள்.

இங்கே தண்ணீர் மிகத் தெளிவு. அந்தத் தெளிவே ஏமாற்றும். சரிவு நீல ஆழத்துக்குள் ஒரே சீராக இறங்குவதால், ஒரு மீனைப் பின்தொடர்ந்து கண் மூடித் திறப்பதற்குள் 22 மீட்டரில் இருப்பீர்கள். ஓப்பன் வாட்டர் சான்றிதழோடு உங்கள் எல்லை 18 மீட்டர். முதல் டைவ்களுக்கு 15 போதும். கிளிமீன், தேவதைமீன், தூண்டில் குச்சிபோல் செங்குத்தாக நிற்கும் எக்காளமீன் எல்லாம் 6 முதல் 12 மீட்டருக்குள்ளேயே நிறையத் தெரியும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆழமும் காற்றும் பாருங்கள்.

எதையும் தொடாதீர்கள். கல் என்று நினைத்துக் கை வைப்பது விஷமுள்ள தேள்மீனாக இருக்கலாம். மஞ்சள் பழுப்பு நிறத்தில் வெள்ளை நுனியோடு இருக்கும் தீப்பவளம் பட்டால் தோல் எரியும். கரைக்கு வந்து வினிகர் ஊற்றுங்கள். 2023 முதல் பொனேரின் பவளங்களை ஒரு திசுச்சிதைவு நோய் அரித்துவருகிறது. எனவே உபகரணங்களை டைவ் கடையில் சொல்லும் கிருமிநீக்கி நீரில் முக்கி எடுங்கள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காக்கப்பட்ட கடல் இது. சோம்பலால் நோயைப் பரப்புவது மன்னிக்க முடியாத செயல்.

கரைக்குத் திரும்புதல்

அடையாளம் கண்ணில் படாவிட்டால் சரிவில் அலையாதீர்கள். விளிம்பின் மேல் 5 மீட்டருக்கு ஏறி, 3 நிமிட நிறுத்தத்தை முடித்து, மெல்ல மேலே வந்து கரையைப் பாருங்கள். ஏறுமிடம் பக்கத்தில் இருந்தால் திசைகாட்டி வைத்து மீண்டும் அடியில் நீந்தலாம்.

நீரோட்டம் ஏறுமிடத்தைத் தாண்டி இழுத்துவிட்டால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். அதன் போக்கிலேயே குறுக்காகக் கரை நோக்கி நீந்தி, பாதுகாப்பாக ஏறக்கூடிய அடுத்த இடத்தில் ஏறுங்கள். பெரும்பாலான இடங்களில் சாலை கரையை ஒட்டியே ஓடுகிறது. பூட்ஸோடு வண்டி வரை நடந்துவிடலாம். கரையை நெருங்கவே முடியாவிட்டால் ஜாக்கெட்டில் காற்றடைத்து, அடையாள மிதவையை உயர்த்தி, விசில் ஊதிக்கொண்டு இருவரும் சேர்ந்தே மிதந்திருங்கள். இதற்காகவே, எந்த இடத்தில் இறங்குகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று விடுதியில் ஒருவரிடம் சொல்லிவிட்டு வர வேண்டும்.

ஏறும்போது உடம்பு களைத்திருக்கும், கவனம் சிதறும். மார்பளவைவிட ஆழமான தண்ணீரில் மிதந்தபடி, கரையை அல்ல, கடலைப் பாருங்கள். பெரிய அலைகள் கடந்ததும் உள்ளே வந்து, கூட்டாளியைப் பிடித்தபடி ஃபின்களைக் கழற்றுங்கள். மாஸ்க்கும் ரெகுலேட்டரும் அப்படியே இருக்கட்டும். பக்கவாட்டில் நடந்து, அலை வரும்போது நின்று, போனதும் நகருங்கள். கால் தடுமாறினால் வெட்கப்படாமல் தவழ்ந்து வாருங்கள். அனுபவசாலிகளும் அப்படித்தான் வருவார்கள். அலை எட்டாத இடம் வந்த பிறகே ரெகுலேட்டரை எடுக்க வேண்டும். ஆயில் ஸ்லிக் லீப் போன்ற ஏணி உள்ள இடங்களில் ஒருவர் மேலே ஏறி விலகும் வரை மற்றவர் ஏணிக்கு நேர்கீழே நிற்கக் கூடாது. சிலிண்டரோடு ஒருவர் மேலே விழுந்தால் கழுத்து தாங்காது.

பிறகு

நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். அடுத்த டைவுக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். முதல் நாட்களில் பகலில் இரண்டு டைவ் போதும்; கரையில் எத்தனை முறை வேண்டுமானாலும் இறங்கலாம் என்ற சுதந்திரத்தில் நாளுக்கு நான்கு ஐந்து செய்து உடம்பில் நைட்ரஜனை ஏற்றிக்கொள்பவர்கள் உண்டு. அந்த நைட்ரஜன் குமிழிகளாகி உண்டாக்கும் நோயின் அறிகுறிகளான மூட்டுவலி, கைகால் மரமரப்பு, காரணமில்லாத அசதி தென்பட்டால் தூங்கினால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். ஆக்ஸிஜன் கொடுத்து, உடனே தீவின் தலைநகரான கிராலென்டைக்கின் மருத்துவமனைக்குப் போங்கள். இதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை அந்த ஊரில்தான் இருக்கிறது. அவசர எண்ணை முதல் நாளே விடுதியில் கேட்டு வண்டியில் எழுதி ஒட்டுங்கள்.

ஊர் திரும்பும் விமானத்துக்கு முன், ஒரே ஒரு டைவ் செய்திருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பல நாள் டைவ் செய்திருந்தால் 18 மணி நேரமும் தண்ணீருக்கு வெளியே இருக்க வேண்டும். கடைசி நாளை உப்பளங்களையும் ஃபிளமிங்கோக்களையும் பார்க்க ஒதுக்கிவிடுங்கள்.

நான்கைந்து டைவ்களுக்குப் பிறகு ஏறுவதும் இறங்குவதும் பதற்றமில்லாமல் நடந்தால் ஆயிரம் படிகளுக்கும், கப்பல் இல்லாத நாளில் உப்புத்துறைக்கும் போகலாம். 1984இல் மூழ்கிய ஹில்மா ஹூக்கர் கப்பலைப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அது 30 மீட்டர் மணலில் சாய்ந்து கிடக்கிறது. உடலின் மேல்பக்கமே 18 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அட்வான்ஸ்டு பயிற்சி முடித்த பிறகு, பயிற்றுநரோடு போங்கள்.